தற்காலிகப் பயனர்

ஒரே மடிக்கணினி. உள்ளே இரண்டு பேர்.
ஒருத்தி ராணிப்பேட்டை சிப்காட்டில்
ஷூ கம்பெனிக் கணக்குப் பிரிவு.
இன்னொருத்தி விருதம்பட்டு, மாடி வீடு.
பிரித்து வைத்தவன் சிஸ்டம் பார்க்கும் இர்ஷாத்.
"ஆபீஸ் வேலைக்கு இது, வூட்டு வேலைக்கு அது,
கலந்துடாதக்கா" என்றான்,
வரவையும் செலவையும் ஒரே பத்தியில் எழுதாதே என்று
எனக்கே பாடம் எடுக்கிற மாதிரி.

ஆபீஸ்காரிக்கு
நாற்பத்தைந்து நாளுக்கொரு கடவுச்சொல்.
பிள்ளை பெயர், பிறந்த வருஷம் எல்லாம் தீர்ந்ததும்
பஸ் நிறுத்தங்களை வைக்க ஆரம்பித்தேன்.
காட்பாடி. சேவூர். சேர்க்காடு. திருவலம்.
ஒன்றரை மாதத்துக்கு ஒரு நிறுத்தம்.
இவ்வளவு மெதுவாக எந்த வண்டியும்
ராணிப்பேட்டைக்குப் போனதில்லை.
முத்துக்கடை வந்ததும்
மறுபடி காட்பாடி என்று அடித்துப் பார்த்தேன்.
முன்பே பயன்படுத்தியது, வேறு கொடு என்றது.

வீட்டுக்காரிக்குக் கடவுச்சொல்லே கிடையாது.
திறந்தால்
செங்கதிர் பாதியில் விட்ட கார் பந்தயம்,
கரண்ட் பில், ரேஷன் அட்டையின் கோணல் ஸ்கேன்,
கொழுந்தனார் கல்யாணப் பத்திரிகை, ஏழாவது திருத்தம்.
அவளுக்கென்று ஒரு ஃபோல்டர் உண்டு.
அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

வைஃபை சேர்த்த முதல் நாள் அது கேட்டது:
இது பொது இடமா, சொந்த இடமா?
மாமியார் வீடு.
கை தவறிப் பொது இடம் என்று அழுத்திவிட்டேன்.
அன்றிலிருந்து கூடத்துப் பிரிண்டர்
என் கண்ணில் படுவதில்லை,
நானும் அதன் கண்ணில் படுவதில்லை.
இரண்டு சொடுக்கில் மாற்றிவிடலாம்.
மாற்றவில்லை.

ராத்திரி, வீட்டிலிருந்து, ஆபீஸ்காரியாக நுழைந்தால்
கம்பெனி டிரைவ்கள் பெயரோடு வரிசையாய் நிற்கும்,
ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் பெருக்கல் குறி.
எங்கள் ஊரைக் கேலி பேசுவார்களே,
ஆறு உண்டு நீர் இல்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை,
அதில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சித்திரை. கரண்ட் போய் வந்த இரவு.
ஆபீஸ் பெயரில்தான் நுழைந்தேன்.
சுவர்ப்படம் இல்லை, ஐகான் இல்லை,
மூலையில் ஏதோ அறிவிப்பு. படிக்காமல் மூடினேன்.
திரை முழுக்க வெறும் நீலம்,
கழுவிவிட்ட சிமெண்ட் தரை மாதிரி.
அதில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

குடியாத்தத்து அண்ணனுக்கு எழுதினேன்.
நெல்லூர்ப்பேட்டை மனையில்
எனக்கும் பங்கு உண்டு என்று.
நீ கையெழுத்துக் கேட்டு வந்த நாளில்
வாங்கிவந்த ஜாங்கிரிப் பெட்டியில்
இப்போது ஊசி நூல் வைத்திருக்கிறேன் என்று.
அன்றைக்குப் போடவில்லை,
இனியும் போடமாட்டேன் என்று.
இரண்டரைப் பக்கம்.
விசிறி ஓடியும் முழங்கை மேஜையில் ஒட்டியது.
சேமித்தேன், வெளியேறினேன், படுத்ததும் தூங்கினேன்.

காலையில் பழைய சுவர்ப்படம், பழைய ஐகான்கள்.
கடிதத்தைக் காணோம்.

"அது டெம்பரரி ப்ரொஃபைல்க்கா.
உன்னோடத தொறக்க முடியல,
சும்மா ஒண்ணு குடுத்துக்கீது.
வெளிய வந்தா தொடச்சிடும். நோட்டீஸ் போட்டுதே?
முக்கியமானது எதுனா இருந்துச்சா?"
ஒண்ணுமில்ல என்றேன்.
அவன் எங்கோ ஒரு சாவியின் பெயரை மாற்றினான்.
சரியாகிவிட்டது.

அன்று ராத்திரி வீட்டுக்காரி எழுதிப் பார்த்தாள்.
நான்கு வரி வந்தது. அதில் இரண்டு தயவுசெய்து.
அச்செடுக்கப் பிரிண்டர் தெரியவில்லை.
பென்டிரைவை ஆபீஸ் ஏற்காது.
கம்பெனி மெயிலில் போட்டால் கம்பெனி படிக்கும்.

எனக்கோ
அந்த இரண்டரைப் பக்கம்
பாதிக்கு மேல் மனப்பாடமாக இருந்தது.
ஜன்னலோர சீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்,
சேவூரில் முதல் பத்தி,
சேர்க்காட்டில் ஜாங்கிரிப் பெட்டி.
டிக்கெட் கேட்ட கண்டக்டர்
என் உதட்டைப் பார்த்துவிட்டுக் காத்திருந்தார்.

திருவலம். பொன்னையாற்றுப் பாலம்.
மணல் வெள்ளையாகக் கிடக்கிறது.
செல்லில் அண்ணன் பெயரை அழுத்தினேன்.
மணி அடிக்கிறது.